ஊரெல்லாம் வைஸ்ராய்

வெள்ளைக்காரர் காலத்து சிம்லாவில், மால் ரோட்டில் வண்டியில் போகும் உரிமை மூன்றே பேருக்கு இருந்தது. வைஸ்ராய், படைத் தலைவர், பஞ்சாப் ஆளுநர். மற்ற துரைமார்களும் துரைசானிகளும் ஆள் இழுக்கும் ரிக்‌ஷாவில் போனார்கள். இழுத்தவர்களுக்கு நடக்கும் உரிமை, இல்லை, ஓடும் உரிமை தாராளமாக வழங்கப்பட்டிருந்தது.

1947இல் வைஸ்ராய் பதவி ஒழிந்தது. சுதந்திரத்தின் பலன் குடிமக்கள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டுமா, வேண்டாமா? சேர்ந்துவிட்டது. மே மாதத்துச் சனிக்கிழமை அடிவாரத்துப் பர்வானூவிலிருந்து சிம்லாவுக்கு மலையேறும் வண்டிகளை எட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வைஸ்ராய் சீட்டைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வைஸ்ரீன் அம்மையார். பின்சீட்டில் இரண்டு இளவரசர்கள், கையில் சிப்ஸ் பொட்டலத்துடன்.

மாலுக்குக் கீழே ஓடும் கார்ட் ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தபோது அந்தக் காட்சியை அருகில் இருந்தே பார்த்தேன். சாம்பல் நிற எஸ்யூவியின் கண்ணாடி இறங்கியது. காலிப் பொட்டலத்தைப் பிடித்தபடி ஒரு கை வெளியே வந்தது. "பப்பா, டஸ்ட்பின்?" என்றது பின்சீட்டுக் குரல். "பஹாட் ஹை, பேட்டா" என்றார் தகப்பனார். மலைதானே கண்ணு, போட்டால் என்ன! பொட்டலம் தேவதாரு மரங்களுக்கிடையே பறந்து, தனக்கு முன்னால் போன பொட்டலங்களோடு சேர்ந்தது. 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து டாக்சியிலும் பேருந்திலும் குப்பைக்கூடை கட்டாயம் என்று ஹிமாச்சல அரசு உத்தரவு போட்டிருக்கிறது. கூடை வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கும் பொத்தானைத்தான் யாரும் இன்னும் கழற்றவில்லை.

சுமார் 25,000 பேருக்கென்று வகுத்த ஊர் இது. 2011 கணக்கெடுப்பிலேயே 1.7 லட்சம் பேர் குடியிருந்தார்கள். மொத்த ஹிமாச்சலத்தின் மக்கள்தொகை அப்போது 68 லட்சம். அந்த மாநிலத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் விருந்தாளிகள் வந்து போகிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொன்னது போகிறவனைப் பற்றி. ஒருவன் போக ஒருவன் வந்துகொண்டே இருந்தால் வீட்டுக்காரன் எங்கே படுப்பான் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

வீட்டுக்காரனைப் பார்க்க வேண்டுமென்றால் கார்ட் ரோட்டிலிருந்து மாலுக்கு ஏறும் படிக்கட்டுகளுக்கு வாருங்கள். மாலுக்கு லாரி போகாது. ஆகையால் அங்கே நீங்கள் சாய்ந்து படுக்கும் மெத்தை, குடிக்கும் பீர், உங்கள் நூடுல்ஸ் வேகும் கேஸ் சிலிண்டர் எல்லாம் யாரோ ஒருவர் முதுகில்தான் ஏறியிருக்கும். பெரும்பாலும் காஷ்மீரிலிருந்து வந்த கூலிகள். ஊரில் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கான்'. தனித்தனியாகப் பெயர் கேட்க யாருக்கு நேரம்?

அப்படி ஒரு கான், அறுபது வயதுக்குக் குறையாது, குளிர்பதனப் பெட்டி ஒன்றைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் முதலில் வலது கால், பிறகு அதே படியில் இடது கால். நடுப்படியில் ஒரு குடும்பம் ரீல் எடுத்துக்கொண்டிருந்தது. மகள் சுற்ற வேண்டும், துப்பட்டா பறக்க வேண்டும், பின்னணியில் தேவாலயம் தெரிய வேண்டும். கான் சட்டகத்துக்குள் வந்துவிட்டார். "ஏக் மினிட், பையா" என்று உள்ளங்கையைக் காட்டினார் அம்மா. கான் நின்றார். பெட்டியின் அடியைச் சுவரில் முட்டுக்கொடுத்துக் குனிந்தபடியே நின்றார். மூன்றாவது டேக்கில்தான் துப்பட்டா சரியாகப் பறந்தது. அந்த நேரம் முழுக்க அவருடைய முழங்கால் நடுங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்த அம்மாளின் கைபேசியைப் பிடுங்கிக் கீழே ஓடையில் எறியத் தோன்றியது. செய்யவில்லை. ஓடையில் ஏற்கெனவே போதுமான குப்பை.

இந்த மலைக்கு முதுகுகள் புதிதில்லை. 1864இலிருந்து ராஜாங்கத்தின் கோடைத் தலைநகரமே சிம்லாதான். அன்றைய மனித குலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இந்த முகட்டிலிருந்து ஆண்டோம் என்று துரைமார் பெருமை பேசுவது வழக்கம். கால்காவிலிருந்து ரயில் வந்தது 1903இல். அதுவரை கோப்புகளும் பியானோக்களும் மாட்டு வண்டியிலும் மனித முதுகிலும் ஏறின. சுற்றுவட்டாரக் குறுநில மலைநாடுகளில் இதற்கு 'பேகார்' என்று பெயர். கூலியே இல்லாமல், அல்லது பேருக்கு ஒரு கூலியோடு, கட்டாயச் சுமை. துரை வேட்டைக்குக் கிளம்பினால் குடியானவன் வயலை அப்படியே போட்டுவிட்டுப் பெட்டி தூக்க வர வேண்டும். இதை எதிர்த்து 1921 வாக்கில் மலைமக்களைத் திரட்டியவர்களில் ஒருவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்கிற அமெரிக்கர். அதே ஆண்டு சிறைக்கும் போனார். பிற்பாடு சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். கோட்கட்டில் அமெரிக்க ஆப்பிள் ரகத்தை நட்டு, மலைக்கு ஒரு பிழைப்பையும் காட்டிவிட்டுப் போனார். விருந்தாளி ஆப்பிள் ஜூஸை இரண்டு டம்ளர் குடிப்பார். பேகார் என்றால், "அது எந்த வியூ பாயிண்ட், டாக்சி போகுமா?" என்று கேட்பார்.

இனி தண்ணீருக்கு வருவோம். வெட்கமே இல்லாத கதை இங்கேதான் இருக்கிறது.

நான் தங்கிய விடுதியின் குளியலறையில் அழகாக அச்சிட்ட அட்டை ஒன்று தொங்கியது. மலைகளில் தண்ணீர் விலைமதிப்பற்றது, சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று அது கெஞ்சியது. அட்டைக்கு நேர் கீழே ஒரு முழு ஆள் மல்லாந்து படுக்கிற அளவுக்குக் குளியல் தொட்டி. காலையில் தேநீர் கொண்டுவந்த பையனிடம் என் அரைகுறை இந்தியில் கேட்டேன்: "உங்க ரூமுக்குத் தண்ணி எப்போ தம்பி வரும்?" அவன் தொட்டியையும் என்னையும் பார்த்துவிட்டு, "கீமேன் திறந்தா வரும், சாப்" என்றான்.

கீமேன் என்பவர் தெருவுக்குத் தெரு குழாய் வால்வைத் திறந்து மூடும் குடிநீர் ஊழியர். சிம்லாவில் முதலமைச்சர் யார் என்று தெரியாதவர்கள் இருக்கலாம். கீமேன் யார் என்று தெரியாதவர்கள் இருக்க முடியாது. 2018 மே இறுதியில் அவருக்குப் போலீஸ் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஊருக்கு நாளொன்றுக்கு நான்கு கோடி லிட்டருக்கு மேல் வேண்டும். வந்தது ஏறக்குறைய அதில் பாதி. சில பகுதிகளில் ஒரு வாரம் கழிந்தும் குழாயில் காற்றுதான் வந்தது. அதுவும் எப்போது? சீசன் உச்சத்தில், விடுதிகள் நிரம்பி வழிந்தபோது. பள்ளிப் பிள்ளைகளும் கிழவிகளும் வாளியோடு டேங்கருக்குக் காத்து நின்றார்கள். விடுதிகள் காசு கொடுத்துத் தனி டேங்கர் இறக்கிக்கொண்டன. காசு கொடுத்தால் தண்ணீர் மலையேறும் என்பது நியூட்டன் எழுதாமல் விட்ட விதி.

கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டது. அமைச்சர், நீதிபதி உள்ளிட்ட பெரிய மனிதர் வீடுகளுக்குத் தனியாக டேங்கர் போகக்கூடாது என்றது. ஒரு வாரத்துக்குக் கட்டுமான வேலை வேண்டாம், கார் கழுவ வேண்டாம் என்றது. கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்றும் சொன்னது. கவனியுங்கள், நீதிமன்றம் வாய்திறந்து சொல்லும்வரை அந்தப் புல்லுக்குத் தாகம் தெரியாது. ஊர்க்காரர்கள் வேறு வழியில்லாமல், "தயவுசெய்து சிம்லாவுக்கு வராதீர்கள்" என்று சமூக ஊடகங்களில் வெளியூர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. சுற்றுலாவை வைத்தே பிழைக்கும் ஊர் தன் வாசலில் நின்று 'வராதே' என்று கத்துவதற்கு எவ்வளவு நா வறண்டிருக்க வேண்டும்!

தண்ணீர் வந்த காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் சிம்லாவில் மஞ்சள் காமாலை பரவியது. மல்யாணாவில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சாக்கடை அஷ்வனி ஓடையில் கலந்திருந்தது. அதே ஓடையிலிருந்து ஊருக்குக் குடிநீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி அப்போதும் சீல் வைத்த பாட்டிலைக் குடித்துவிட்டு, காலிப் பாட்டிலை மலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கடன் வைக்காத மனிதர்.

படங்களில் நீங்கள் பார்க்கும் ரிட்ஜ் மைதானம் இருக்கிறதே, அதன் அடியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பெரிய குடிநீர்த் தொட்டி இருக்கிறது. அதன் உட்சுவர்களில் விரிசல் விட்டது ஊரறிந்த செய்தி. ஊர் குடிக்கும் தண்ணீரின் தலைமேல் நின்றுதான் ஒலிபெருக்கி கட்டி ஆடுகிறோம்.

நம்மவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். 'சிம்லா–குலு–மணாலி, ஐந்து இரவு ஆறு பகல், தென்னிந்தியச் சமையல் உண்டு.' சமையல்காரர் பேருந்திலேயே கூட வருகிறார். ஏழாயிரம் அடி உயரத்தில் சாம்பாருக்குப் பருப்பு வேக நேரமாகிறது என்று சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் பக்கத்து மலையான குஃப்ரி. சேறும் சாணியுமாய்க் குழைந்த பாதையில், எலும்பு தெரியும் மட்டக் குதிரை மேல் ஆசாமியை ஏற்றுகிறார்கள். மரங்களின் வேர்கள் குளம்படி பட்டுப் பட்டு வெளியே கிடக்கின்றன. மேலே போனால் வாடகைக்குக் கம்பளிக் கோட்டு, வாடகைக்கு எருமைபோல் ஒரு யாக், பனி இல்லாத மாதத்திலும் பனி உடுப்பு. வியர்க்க வியர்க்க மாட்டிக்கொண்டு ஒரு படம். அது ஊருக்கு அனுப்பப்பட்டு "சூப்பர் கிளைமேட்!" என்று தலைப்பிடப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே, அப்போது நாம் என்ன செய்தோம்? மலைக்கு மூச்சு விட இடம் கிடைத்ததென்று மகிழ்ந்தோமா? "அட, இந்தத் தொல்லைக்கு சிம்லாவே போயிடலாம்" என்றோம்.

ஜாக்கு கோயில் குரங்குகளைப் பற்றி எல்லோரும் புகார் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கும், பிரசாதப் பொட்டலம் கொடுத்தால் திருப்பித் தரும். 2016இல் மத்திய அரசே சிம்லா நகரக் குரங்குகளைத் தீங்கு செய்யும் விலங்கு என்று அறிவித்தது. அந்தக் குரங்கு எட்டு மாடி கட்டவில்லை. எழுபது டிகிரிச் சரிவில் கடைக்கால் தோண்டவில்லை. கட்டிமுடித்துவிட்டு, அபராதம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள வரிசையிலும் நிற்கவில்லை.

அந்த வரிசைக்கு அங்கே 'ரிடென்ஷன் பாலிசி' என்று பெயர். விதியை மீறிக் கட்டு, பொறு, தேர்தல் வரும், அரசு உன் கட்டடத்தை மன்னித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை இருமுறை அல்ல, பலமுறை மன்னித்தார்கள். 2016இல் சட்டத்தையே திருத்தி மன்னித்தார்கள். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அதே 2017 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சிம்லாவின் மையப் பகுதியிலும் பசுமைப் பகுதியிலும் புதிய கட்டடம் கூடாது, மற்ற இடங்களில் இரண்டரை மாடிக்கு மேல் கூடாது என்றது. அரசு அதைக் கேட்டுத் தலைகுனிந்ததா? சுற்றி வந்து புதிய வளர்ச்சித் திட்டம் ஒன்றை எழுதியது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாய உத்தரவுகளை ஒதுக்கிவைத்து, திட்டத்துக்கு வழிவிட்டது. நடுவில் 2021 செப்டம்பர் 30 அன்று கச்சி காட்டியில் ஒரு பலமாடிக் கட்டடம் சீட்டுக்கட்டாய்ச் சரிந்தது. அதைப் படமெடுத்தவர்களின் காணொளி நாடெங்கும் சுற்றியது. கட்டட விதி மட்டும் ஊரை விட்டு நகரவில்லை.

விருந்தாளி சீக்கிரம் வந்துசேர வேண்டுமே என்று பர்வானூவிலிருந்து சோலன்வரை நான்குவழிச் சாலை போட்டார்கள். இமயத்தின் இந்தப் பகுதி இளம் மலை, உதிரி மண், நொறுங்கும் பாறை. படிப்படியாக வெட்டிச் சரிவைக் குறைக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாக, கத்தியால் கேக்கை வெட்டியதுபோல் வெட்டினார்கள். அதன்பின் மழைக்கு மழை மலை இறங்கிச் சாலையில் உட்காருகிறது. 2023 ஆகஸ்ட்டில் சக்கி மோட் என்ற வளைவில் சாலையே போய்விட்டது. முன்பு மூன்று மணி நேரம் மெதுவாகப் போய் நெரிசலில் நின்றவர் இப்போது இரண்டு மணி நேரத்தில் வேகமாகப் போய் அதே நெரிசலில் நிற்கிறார். முன்னேற்றம்!

அந்த ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. சாவன் மாதத்துச் சோமவாரம். சிம்லாவின் சம்மர்ஹில் சிவன் கோயிலில் பூஜைக்கு வந்திருந்தவர்கள் மேல் மலை இறங்கியது. இருபது பேர் செத்தார்கள். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் மலை ரயிலின் தண்டவாளம் அடிமண் போய் அந்தரத்தில் தொங்கியது. மறுநாள் சுதந்திர தினம். கிருஷ்ணா நகரில் வீடுகள் சரிந்தன. காரணம் என்ன என்று கேட்ட வாய்க்கு முதலமைச்சரிடமிருந்து ஒரு பதில் செய்தித்தாளில் வந்தது: 'பீகார் ஆர்க்கிடெக்டுகள்' வந்து மாடிமேல் மாடி கட்டிவிட்டார்களாம். அப்படிச் சொல்லவில்லை என்று பிறகு மறுத்தார். மறுத்தது நல்லது. நாள் கூலிக்குச் செங்கல் சுமந்தவன் அனுமதிக் கையெழுத்தும் போட்டான் என்று நம்ப நமக்கும் சிரமமாக இருந்தது.

அதே மழைக்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சாலைகள் அடைபட்டதால் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாமல், ஒரு விவசாயி அழுகப்போகும் ஆப்பிள்களை ஓடையில் கொட்டினார். காணொளி பரவியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சட்டென்று விழித்துக்கொண்டு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஓடையின் புனிதத்தை அப்படிக் காக்கும் அரசு! அதே பருவத்தில் அரசுச் சுற்றுலாக் கழகம் தன் விடுதி அறைகளுக்குப் பாதி விலை வரை தள்ளுபடி கொடுத்தது. ஆப்பிள் இறங்க வழியில்லாத மலைக்கு ஆட்கள் ஏற வேண்டுமாம்.

வாயைத் திறந்தால் வாழ்வாதாரம் என்பார்கள். யாருடைய வாழ்வு, யாருக்கு ஆதாரம்? டாக்சிக்காரருக்கு மாதத் தவணை போக மிஞ்சுவது டீசல் வாசனை. என் விடுதிப் பையன் சிம்லாவின் சஞ்சோலிப் பகுதியில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுக்கிறான். அந்த அறையின் வாடகை ஆண்டுக்காண்டு ஏறுகிறது, ஏனென்றால் பக்கத்து வீடுகளெல்லாம் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. கானுடைய கூலியைத் தீர்மானிப்பது படிக்கட்டின் உயரமில்லை, அன்று எத்தனை கான்கள் வேலைக்கு நிற்கிறார்கள் என்பதுதான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை வளர்ச்சி என்று பெயர் மாற்றிச் சொல்ல நமக்கு அமைச்சகங்கள் இருக்கின்றன.

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமலா? இருக்கிறது. தாராதேவியிலிருந்து சஞ்சோலிவரை ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்கு ரோப்வே வரப்போகிறது. சட்லெஜ் ஆற்றை ஆயிரம் மீட்டருக்கும் மேலே தூக்கிக் கொண்டுவர, உலக வங்கிக் கடனில் வேலை நடக்கிறது. தண்ணீர் மேலே வரட்டும், நல்லதுதான். குழாய் வருகிறது என்ற வாசனை பட்டதுமே எத்தனை குளியல் தொட்டிகளுக்கு ஆர்டர் போயிருக்கும் என்பதுதான் என் கவலை. எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்துவிட்டு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிடுவதுதான் முறை. இங்கே வருகிறவன் கணக்கில்லாமல் வருவான், ஆறுதான் அவனைத் தேடி மலையேற வேண்டும்.

விருந்தாளியின் மனம் கோணக்கூடாது என்பதில் மட்டும் அரசுக்குத் தடுமாற்றமே கிடையாது. சம்மர்ஹில் ஈரம் காய்ந்து நான்கு மாதம் ஆகியிருந்த 2023 கிறிஸ்துமஸ் வாரம். குளிர்கால விழா. சுற்றுலாப் பயணி கொஞ்சம் போதையில் ஆடினால் அவரை லாக்கப்பில் வைக்க வேண்டாம், மரியாதையாக விடுதியில் கொண்டுபோய் விடுங்கள் என்று முதலமைச்சரே போலீசுக்கு அறிவுறுத்தினார். உணவகங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்தன. 2018 மே மாதத்து இரவொன்றில் இதே ஊரில் பெண்களும் ஆண்களும் காலிக்குடங்களின் ஆத்திரத்தோடு முதலமைச்சர் வீட்டை நோக்கி நடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த அவர்களை வழியில் மறித்ததும் போலீஸ்தான். இடையில் கட்சி மாறியிருந்தது, முதலமைச்சர் மாறியிருந்தார். போலீஸ்காரர் மட்டும் ஒரே சம்பளத்தில் இரண்டு வேலையும் பார்த்தார்.